அடுக்கை இறக்கிய மாலை

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எக்ஸின் தலைமேல் இருந்த இரண்டு என்ற அடுக்கைக் கீழே இறக்கி முன்னால் எழுதியபோது, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய இளைய மகள் இல்லாமல் போனாள். வாயருகே போன கவளம் தட்டிலேயே விழுந்தது.

வீட்டின் முன்னறையில்தான் அவர் டியூஷன் எடுத்தார். 'மடக்கை எக்ஸ் வர்க்கம் சமம் மடக்கை நான்கு' என்ற லாக் கணக்கைப் பலகையின் மேல் மூலையில் அவர் எழுதிய அன்றைக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். கணக்குக்கு விடையும் இரண்டு: மூத்தவள் இரண்டு, இளையவள் மைனஸ் இரண்டு. எடை பார்க்கக் கிடத்தினால் இளையவளுக்கு முள் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போகும். நர்ஸ் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். இருவரையும் இரண்டு இடுப்பிலும் தூக்கிக்கொண்டால் தாய்க்குப் பாரமே தெரியாது. தெருப்பெண்கள் அதைப் பார்த்துப் பொருமினார்கள். அந்த வரியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பிறகு எதிர்வீட்டுக்குக் குடிவந்த ஒரு வாத்தியார் எல்லாக் கணக்கையும் இரண்டே வரியில் முடித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி, "சார், மேல எழுதியிருக்கீங்களே, அதை அவரு கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள போட்டுருவாராம்," என்றாள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. சாக்பீஸை எடுத்தார்.

"என்னங்க, அதுல கை வைக்காதீங்க. சின்னவ இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"சூத்திரம் சொல்லுதுடி. நானா சொல்றேன்?"

அடுக்கு முன்னால் வந்ததும் மடக்கைக்குள் எக்ஸ் தனியாக நின்றது. குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. எனவே விடை இரண்டு மட்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுததில், அவர் அடுத்த வரியில் இரண்டை மறுபடி மேலே ஏற்றினார். அதற்கும் சூத்திரத்தில் இடம் உண்டு. இளையவள் வாசலில் நின்றாள், விரலில் ஒட்டிய பருக்கை காயாமல்.

"அம்மா, பசிக்குது."

ஆனால் கிடைத்த விடையை முந்தைய வரியில் போட்டுச் சரிபார்க்காமல் அவர் எந்தக் கணக்கையும் விட்டதில்லை. அடுக்கு முன்னால் நின்ற அந்த முந்தைய வரியில் மைனஸ் இரண்டுக்கு இடமில்லை.

"அந்த வரிய அழிச்சிடுங்களேன்."

"போட்டத அழிச்சா எதிர்வீட்டான் சிரிப்பான்."

'பொருந்தாது' என்று எழுதி, மைனஸ் இரண்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வாசல் காலியானது.

அந்த வருடம் பிள்ளைகள் திரும்பி வந்து நிறைந்ததில் டியூஷனுக்குப் பின்னறையையும் திறக்க வேண்டியிருந்தது. தாய் மூத்தவளை இடுப்பில் தூக்கிப் பார்த்தாள். "என்ன கனம்டி நீ," என்று கீழே இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு தூக்கவில்லை.