சும்மா இருக்கிற வேலை

பரளச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வேலை செய்யும் வயதில் நூற்றுப்பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆடுகளைச் சேர்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, முன்னைக்கு இப்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கணக்கெடுக்க, பந்தல்குடியிலிருந்து தீபலட்சுமி என்ற பெண் வருவாள். அவளுக்கு அது ஒப்பந்த வேலை.

சித்திரையில் வந்தவள் வீடு வீடாக, "என்ன பண்றீக?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். விறகு வெந்து கரியாகும் கரிமூட்டத்தின் மேல் நின்று, புகை கசிந்த ஓட்டையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ராமசுப்பு, "சும்மாதாம்மா இருக்கேன்" என்றான். நாற்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு போன முத்துப்பேச்சியும் சும்மாதான் இருந்தாள். ஆக, நூற்றுப்பன்னிரண்டு பேரும் சும்மா.

ஆடியில் வந்தபோது, "அஞ்சு நிமிசம் பேசணும்" என்று ஆரம்பித்தாள். "வேலை கெடக்கு தாயி, அப்புறம் வா" என்றோம் எல்லோரும். கட்டிலில் மல்லாந்து கிடந்த அழகுராஜா அதைக் கண்ணைத் திறக்காமலே சொன்னான். அவள் நேர்மையான பிள்ளை. சொன்னதை அப்படியே கையிலிருந்த டேப்லெட்டில் ஏற்றினாள்.

மூன்று மாதத்தில் பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம். விருதுநகரில் அவளுடைய மேலதிகாரி கிறிஸ்டோபரின் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு திரையைத் தாண்டி மேலே போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் இடித்ததாகக் கேள்வி. "செவ்வாக்கெழமை நானே வந்து எண்ணுவேன். கணக்கு பொய்யின்னா ஒப்பந்தம் அன்னைக்கோட முடிஞ்சது" என்று சொல்லிவிட்டார்.

தீபலட்சுமி ஆவுடைத்தாயின் டீக்கடைக்கு வந்து அழுதாள்.

"அழுகாத ஆத்தா" என்றாள் ஆவுடைத்தாய். "எத்தனை பேருக்கு வேலை இருந்தா ஒனக்கு வேலை இருக்கும்? அதச் சொல்லு."

"பாதிப் பேருக்கு இருந்தாப் போதும்க்கா. யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

"அம்புட்டுத்தானே?"

சீட்டெழுதிக் குலுக்கினோம். ஐம்பத்தாறு சீட்டில் 'வேலை', ஐம்பத்தாறில் 'சும்மா'. எனக்கும் ராமசுப்புவுக்கும் முத்துப்பேச்சிக்கும் 'சும்மா' விழுந்தது. 'வேலை' விழுந்த அழகுராஜா சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினான். நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஐம்பத்தாறு பேரும் மந்தை வேப்பமரத்தடியில் சும்மா இருக்க உட்கார்ந்தோம். அதற்கு முன் அதை யாரும் செய்து பார்த்ததில்லை. ஏழேகாலுக்கே கை நமநமவென்றது. எட்டு மணிக்கு முத்துப்பேச்சி பக்கத்திலிருந்தவள் தலையில் பேன் பார்க்கப் போனாள்.

"ஏய், அது வேலை! கைய எடு!" என்று அதட்டினோம்.

பத்து மணிக்கு இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தூக்கினால் வேலையாகிவிடும் என்பதால் அப்படியே விட்டோம்.

பதினோரு மணிக்கு கிறிஸ்டோபர் தீபலட்சுமியோடு ஜீப்பில் வந்து இறங்கினார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அழகுராஜா வேலிமுள் வெட்டிக்கொண்டிருந்தான். முதுகெல்லாம் வேர்வை.

"என்ன பண்றீங்க?"

வாய்ப்பழக்கம் விடுமா? "சும்மாதான் சார் இருக்கேன்."

தீபலட்சுமிக்கு முகம் சுண்டிவிட்டது. 'வேலை'ச் சீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அரிவாளும் மண்வெட்டியுமாக நின்று அதையே சொன்னார்கள். 'சும்மா ஐம்பத்தாறு' என்று குறித்துக்கொண்டு அவர் வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"நீங்கள்லாம்?"

ராமசுப்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "காலையிலருந்து வேலை சார். சும்மா இருக்கிற வேலை. மூட்டத்துல வெந்தாலும் வேவேன், இது ஆகாது சாமி."

"யாரு குடுத்த வேலை?"

"ஊரு குடுத்தது சார்."

மற்றவர்களும் அதையே சொன்னோம். மயங்கிக் கிடந்த இருவரும் எழுந்து சொல்லிவிட்டு மறுபடி படுத்தார்கள்.

கிறிஸ்டோபர் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். வேலை ஐம்பத்தாறு, சும்மா ஐம்பத்தாறு.

"இதாம்மா கணக்கு" என்று தீபலட்சுமியின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் அவள் மறுபடி வந்தாள். தோளில் பை, கையில் டேப்லெட், காலெல்லாம் கரிசல் சேறு. முப்பது வீடு முடித்திருந்தாள். இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது.

"என்னாத்தா, இந்தச் சேத்துக்குள்ள என்ன பண்ற?" என்று கடையிலிருந்து கேட்டாள் ஆவுடைத்தாய்.

"சும்மாதான்க்கா."

கட்டிலில் கிடந்த அழகுராஜா கண்ணைத் திறக்காமல் உச்சுக்கொட்டினான். "பாவம், அந்தப் பிள்ளைக்கு வேலை போயிருச்சு போலயே."