மத்தியானம் நிற்கும் லிஃப்ட்

பேருந்து நிலையத்தின் மொட்டை மாடியில் பன்னிரண்டு சோலார் தகடுகள். அவற்றின் தயவில்தான் கீழே லிஃப்ட் ஓடுகிறது. ஒரு மாதமாக மத்தியானம் இரண்டு மணியானால் அது நின்றுவிடுகிறது. ஊன்றுகோலோடு வருகிறவர்களெல்லாம் படியேறி மூச்சு வாங்குகிறார்கள். பழி யார் தலையில் விழும்? தகடு துடைக்கிற பட்டாசு தலையில்தான்.

வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எட்டு வருஷ வேலை. கணவர் கால் உடைந்து படுத்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில். அவளுக்குத்தான் நிலைய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: தகடுகளைச் சரியாகத் துடைக்காததால் லிஃப்ட் நிற்கிறது, பொறியாளர் வந்து பார்த்து உறுதிசெய்தால் வேலை போகும்.

துடைக்கவில்லையாமே! முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தாள். போன மாதம் மாடி விளிம்பில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை நட்டார்கள். மத்தியானமானால் அதன் நிழல் தகடுகள்மேல் சாய்கிறது. "ரெண்டு தகட்டுல நிழல் விழுந்தாலே மொத்த வரிசையும் படுத்துரும்க்கா" என்று அவளிடம் சொன்ன எலக்ட்ரீஷியன், மேலதிகாரி கேட்டபோது வாயே திறக்கவில்லை.

பொறியாளர் இரண்டரை மணிக்கு வந்தார். லிஃப்ட் நின்றிருந்ததால் படியேறி, வியர்த்து விறுவிறுத்து வந்தார். மாடியில் வெயில் கொளுத்தியது. நேராகப் பலகையின் நிழலுக்குள் போய் நின்றுகொண்டார்.

"தொட்டுப் பாருங்க சார். ஒரு பொட்டுத் தூசி இருக்கா?"

"இல்லம்மா. சுத்தமாத்தான் இருக்கு."

"அப்ப இந்த நிழல்தானே சார் காரணம்?"

"எந்த நிழல்?"

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நீங்க நிக்கிறீங்களே, அந்த நிழல்!"

"பலகை பேச்சை விடும்மா. அது பெரிய இடம். கவனக்குறைவா இருந்துட்டேன்னு ஒரு கையெழுத்து போடு. வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டால் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் நாளை மத்தியானமும் லிஃப்ட் நிற்கும், நாளையும் அவளைத்தான் சொல்வார்கள்.

"வெயில்ல வந்து நின்னு எழுதுங்க சார், போடறேன்."

அவர் ஒரு காலை வெளியே வைத்தார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார்.

"திமிரா?" என்றவர், தகடுகளுக்கு நிழல் இடையூறு எதுவும் இல்லை என்று எழுதினார். அதற்குக் கீழே, அவளை வேலையிலிருந்து நீக்கலாம் என்றும் எழுதினார். மூன்று பக்கம். எழுதி முடிக்கும்வரை நிழல் நகர நகர, அவரும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தார்.