சின்னக் கிண்ணத்துக் கோதுமை

என் சமையலறை மேசையின் விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. வால்நட் அரைக்கும் இரும்புக் கைமெஷினைத் திருகி மாட்டி மாட்டி விழுந்த பள்ளம். ஆறு வருடமாக ரொட்டிக்கூடையால் அதை மூடி வைத்திருக்கிறேன்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேறு வேலையைப் பார் என்று சொல்கிறவள் நான். ஆனால் ஊரில் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துப் பாட்டிலில் அடைத்து முடித்து, வால்நட் மரங்களை உலுக்க ஆரம்பித்தார்களோ இல்லையோ, என் வீட்டில் அந்த மெஷின் சுற்றும் சத்தம் கேட்கும். அதுவும் பட்டப்பகலில். திரும்பிப் பார்த்தால் என் தம்பி மகள் காலினா, நீல ஸ்வெட்டரோடு, மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு நிற்பாள். கையில் ஸ்பூன். ஒன்றும் பேசமாட்டாள். நான் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன்.

ஆறு வருடத்துக்கு முன், அப்பாவின் வருட நினைவு நாளுக்குக் கோதுமை செய்தது நான்தான். வேகவைத்து, துணியில் உலர்த்தி, அரைத்து, பொடித்த வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைவோம். வாசலில் நுழைகிற யாரும் செத்தவர் பேரைச் சொல்லி ஒரு ஸ்பூன் எடுக்காமல் உள்ளே வரக்கூடாது. ஐந்து வயதுக் காலினாவுக்கு வால்நட் ஒத்துக்காது, உதடு வீங்கிவிடும். அதற்காகக் கோதுமையும் சர்க்கரையும் மட்டும் போட்டு அவளுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாகச் செய்தேன். எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். நானும் கொஞ்சம் கர்வப்பட்டேன்.

அவள் ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வால்நட் கலந்த பெரிய தட்டில் குழந்தை ஸ்பூனை விட்டிருப்பாள் என்றார்கள். அந்த நேரத்தில் அவள் அம்மா மிலேவா, காபி பொங்குகிறதே என்று அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். அவ்வளவுதான். பழி அவள் தலையில் விழுந்தது, அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். என் தம்பி ராதோவன் வாய் திறந்து அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லையில் இருந்த வால்நட் மரத்தை மட்டும் வெட்டிப் போட்டான்.

அன்று சாயங்காலம் மெஷினைக் கழற்றினேன். அதைத் தண்ணீரில் கழுவும் வழக்கம் எங்களிடம் கிடையாது, துருப்பிடித்துவிடும். காய்ந்த ரொட்டித் துண்டைப் போட்டு இரண்டு சுற்று சுற்றினால் சுத்தம் என்பது கணக்கு. சின்னக் கிண்ணத்துக் கோதுமையை அரைப்பதற்கு முன் அப்படித்தான் சுத்தம் செய்திருந்தேன். பல்சக்கரத்தின் இடுக்கில், முந்தின நாள் அரைத்த வால்நட் பழுப்பாக அப்பியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவி, பரணில் பழைய கம்பளிக்குள் சுருட்டி வைத்தேன். அதன்பிறகு உரலில்தான் இடித்தேன். ரோசாவுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவர்களுக்கு ரெல்யா பிறந்தான். இப்போது மூன்று வயது. அவனுக்கும் அதே அலர்ஜிதான். நவம்பரில் செத்தவர்களுக்கான சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடம் பையனும் அக்கா பேரைச் சொல்லி ஒரு ஸ்பூன் எடுக்கட்டும் என்று ராதோவன் சொன்னானாம். அதைச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் மிலேவா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் பூசணிக்காய் துருவிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டுப் பலகாரத்துக்கெல்லாம் இப்போது பூசணியும் கசகசாவும்தான்.

"அவனுக்கு நீங்கதான் செய்யணும் ரோசாக்கா. ஊட்டுறதும் நீங்களே ஊட்டிடுங்க," என்றாள்.

"ஏன், உனக்குக் கையில்லையா?" என்று வழக்கம்போல் சீண்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "இவன் பொறந்ததுலேருந்து நான் ஒரு ஸ்பூன்கூட ஊட்டுனதில்லைக்கா. அவர்தான் ஊட்டுறாரு. அவர் வயலுக்குப் போயிட்டா பக்கத்து வீட்டம்மா. ஒரு நிமிஷம் திரும்பி ஒண்ணைத் தொலைச்சவ நான்."

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. அவளுக்குக் கேட்கவில்லை. மேசையின் அந்தப் பக்கம் ரெல்யா நின்றிருந்தான், அவனுக்குப் பக்கத்தில் நீல ஸ்வெட்டர். உரலில் இடித்துக் கொடுத்துவிட்டால் பையனுக்கு ஒன்றும் ஆகாது. நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. எழுந்து ஏணியைச் சாத்தி, பரணிலிருந்து மெஷினை இறக்கினேன். ரொட்டிக்கூடையை நகர்த்திவிட்டு, அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருகினேன். துரு கையெல்லாம் ஒட்டியது.

"அவ பெரிய தட்டைத் தொடவே இல்லை மிலேவா. சின்னக் கிண்ணத்துலதான் சாப்பிட்டா. இதுல அரைச்ச கோதுமை அது. உள்ளே வால்நட் ஒட்டியிருந்துச்சு. நான்தான் கழுவலை."

அவள் பல்சக்கரத்தின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"நான் தலையை சுவத்துல முட்டிக்கிட்டேனே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"நீங்கதான் என்னைப் பிடிச்சுக்கிட்டீங்க," என்றாள். அக்கா என்ற சொல் அதோடு போயிற்று. மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை அவர்கள் வரவில்லை. திங்கட்கிழமை ராதோவன் மட்டும் வந்து, உள்ளே நுழையாமல் கேட்டருகே நின்றான். மெஷினைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம். கோதுமையை அவளே கல்லில் இடித்து, தன் கையாலேயே பையனுக்கு ஊட்டினாளாம். ஊட்டி முடித்து நாள் முழுக்க அழுதாளாம். என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனான். இனி வருவான் என்று தோன்றவில்லை.

நான் செய்ததற்கு இந்தத் தண்டனை குறைவுதான். ஆனால் அதற்கப்புறம் மெஷின் சத்தமும் நின்றுவிட்டது. இந்த ஒன்றை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பயந்துகொண்டாவது ஆறு வருடம் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் மத்தியானம் சின்னக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, மறுபடியும் கழுவி, மேசை விளிம்பில் வைக்கிறேன். காலினா வருவதில்லை.