காலி லாரிக்கு வாடகை

மொரப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போன பிறகு, தருமபுரி வியாபாரிகள் குப்புராஜிடம் சிக்கிக்கொண்டார்கள். பெரிய ரயில் மொரப்பூரில்தான் நிற்கும். அதுவரை சரக்கைக் கொண்டுசேர்க்க ஊரில் அவருடைய லாரி ஒன்றுதான் இருந்தது.

தீர்த்தம்மாள் புளி மண்டி வைத்திருந்தாள். புருஷன் செத்த பிறகு அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் புளியைக் கொட்டை நீக்கி, சிப்பம் கட்டி, ரயிலில் சென்னைக்கு அனுப்புவாள். குப்புராஜ் வாடகைக் கணக்கைச் சொன்ன அன்றே அவளுக்கு உறுத்தியது. எடைக்கும் தூரத்துக்கும் ஒரு தொகை, ஏற்றி இறக்க ஒரு தொகை, அதற்கு மேல் லாரி காலியாகத் திரும்பி வருவதற்கும் ஒரு தொகை. பெட்ரோல் கூப்பனுக்குத் தான் படும் பாட்டை அவர் விளக்கமாகச் சொன்னார். திரும்பும்போதும் லாரி பெட்ரோல் குடிக்கத்தானே செய்யும் என்று அவளும் கொடுத்துவந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சிப்பம் பிரிந்துவிட்டதென்று ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. அவளே மொரப்பூர் போனாள். வேலையை முடித்து வெளியே வந்தபோது, காலையில் அவளுடைய புளியை இறக்கிய அதே லாரியில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாருடையது என்று டிரைவர் பச்சியப்பனைக் கேட்டாள். தலையைச் சொறிந்தான். விடாமல் கேட்ட பிறகு, உப்புக்கடை கிருஷ்ணப்பனுடையது என்றும், ஒவ்வொரு நடையும் இப்படித்தான் என்றும் சொன்னான்.

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் காசு கொடுத்திருந்த காலி லாரி உப்புப் பாரத்தில் முனகிக்கொண்டே மேடு ஏறியது.

நேராகக் கிருஷ்ணப்பன் கடையில் இறங்கினாள். விசாரித்தால், அவனும் வாடகையைச் சொல்லித்தான் அழுதான். உப்பை எடுக்க லாரி இங்கிருந்து காலியாகப் போகிறதென்று அவனிடமும் வாங்கியிருக்கிறார் குப்புராஜ். இருவரும் சேர்ந்து லாரி ஷெட்டுக்குப் போனார்கள்.

குப்புராஜ் அசரவில்லை. "அம்மா, உங்க சரக்குக்கு ஒரு கணக்கு, அவரு சரக்குக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் ஏன் கலக்கறீங்க?"

"காலியா போற லாரி ஒண்ணு, காலியா வர்ற லாரி ஒண்ணு. ரெண்டுக்கும் காசு வாங்கியிருக்கீங்க," என்றாள் தீர்த்தம்மாள். "அந்த ரெண்டு லாரியையும் எங்க கண்ணுல காட்டுங்க. நாங்க பேசாம வூட்டுக்குப் போயிடறோம்."

இஷ்டமில்லாவிட்டால் வேறு லாரி பார்த்துக்கொள்ளச் சொன்னார் அவர். வேறு லாரி இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அவள் மாட்டுவண்டிக்காரன் மாதுவையும் அவன் பங்காளிகளையும் பிடித்தாள். புளியோடு போகும் வண்டி கிருஷ்ணப்பனின் உப்போடு திரும்பும். வண்டிச் சத்தம், அதாவது வாடகை, ஆளுக்கு ஒரு வழிக்கு மட்டும். சித்திரை மழையில் சில சிப்பங்கள் நனைந்து வீணாயின. அதையும் தாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் வண்டிகள் வெறுமனே திரும்பி வந்தன. குப்புராஜ் ரகசியமாக வாடகையைக் குறைத்துக் கிருஷ்ணப்பனைத் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தார். மாது தயங்கித் தயங்கித் திரும்பு சத்தம் கேட்டான். அவள் எண்ணிக் கொடுத்தாள். "மாடு வெறுமனே நடந்து வந்தது நெசந்தானே. இதைக் குடுக்க எனக்கு வருத்தமில்ல," என்றாள்.

கிருஷ்ணப்பனிடம் போய் நின்றாள். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், அக்கா கோபப்படக் கூடாது என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை மாதுவின் வண்டிகள் உப்போடு வந்தன. அவளே மொரப்பூரில் வாங்கிய உப்பு. மண்டி வாசலிலேயே கொட்டி விற்றாள். திரும்பு சத்தம் தண்டமாகாததால் கிருஷ்ணப்பனைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. குப்புராஜுக்கோ மொரப்பூர் போக அவளுடைய புளியை விட்டால் வேறு சரக்கு இல்லை; லாரி உண்மையிலேயே காலியாகப் போயிற்று. குறைத்த வாடகையை மறுபடி ஏற்றி, அந்தச் செலவு முழுவதையும் அவர் கிருஷ்ணப்பன் தலையில் கட்டினார்.

வைகாசியில் அவன் வந்தான். ஒரே ஊரில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று முறையிட்டான். அவள் தராசைப் பிடித்தபடியே, ஆட்கள் உப்புக்கு நிற்கிறார்கள், கொஞ்சம் வழியை விட்டு நில் என்றாள்.