காலுக்கு வராத தடிப்பு

2024 ஜூன் 8, காசிமேடு மீன்பிடித் துறைமுகம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஏழு நாட்கள் இருந்தன.

படகு டிரைவர் பொன்னுரங்கத்துக்கு வயது நாற்பத்தொன்று. போன பருவத்தில் ஒவ்வொரு முறை கடலுக்குப் போனபோதும் மூன்றாம் நாளில் அவன் கைகளும் கழுத்தும் சிவந்து தடித்தன. சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது. கரைக்கு வந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இந்த இரண்டு மாதத் தடைக்காலத்தில் ஒரு தடிப்புகூட இல்லை. அவனுக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று படகில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

படகின் உரிமையாளர் பரசுராமன் அன்று காலை அதை வெளிப்படையாகவே சொன்னார்.

"போன தபா ஒன்னால பாதியில திரும்புனோம் பொன்னு. ஐஸும் டீசலும் தண்டம். இந்த தபா டிரைவரா மாரியப்பன இட்டுகினு போறேன். கடலு ஆவாதவன் கரையில இருந்தா இன்னா தப்பு நைனா?"

பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "மினரல் வாட்டர்ல போட் வுடச் சொல்லு ஓனரே, இவன் நல்லா ஓட்டுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினாலாந்தேதி வரைக்கும் டைம் குடு" என்று கேட்டுவிட்டு வந்தான் பொன்னுரங்கம்.

அவன் மனைவி குப்பம்மா மீன் விற்பவள். எங்கெங்கே தடித்தது என்று கேட்டாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று தொட்டுக் காட்டினான்.

"கால்ல?"

"கால்ல வராது."

"நாளெல்லாம் உப்புத்தண்ணில நிக்கிறது காலு. அத வுட்டுட்டுக் கைக்கு மட்டும் வருதுன்னா கடலுக்கு இன்னாய்யா அப்படி ஓரவஞ்சன?"

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். இதை அவன் யோசித்ததே இல்லை.

கையிலும் கழுத்திலும் படுவது, காலில் படாதது எது? எஞ்சின் ஆயில் இருபது வருஷமாகப் படுகிறது. போன வருஷம் புதிதாக வந்தது சோப்புத்தூள். கட்டிச் சோப்பு கடல் தண்ணீரில் நுரைக்காது. துணி துவைக்கும் தூள் நுரைக்கும். எஞ்சின் அறையிலிருந்து வந்ததும் பொன்னுரங்கம் அதைப் போட்டுக் கையையும் கழுத்தையும் தேய்ப்பான், கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றிக்கொள்வான். நல்ல தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும். மற்றவர்களுக்கு அவ்வளவு கிரீஸ் இல்லை, அவ்வளவு தூளும் இல்லை.

தூளைக் கையில் தடவிச் சோதிக்கலாமா என்று சுகாதார நிலையத்து நர்ஸ் ஜானட்டிடம் கேட்டார்கள். "கொஞ்சமா தொட்டுப் பாருங்க, புண்ணு மேல வேணாம். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும், வேடிக்கை பாத்துட்டு நிக்கக் கூடாது" என்றார் அவர்.

வலது முன்கையில் வெறும் கடல் தண்ணீர். இடது முன்கையில் ஒரு கை அகலத்துக்கு கடல் தண்ணீரும் தூளும். இரண்டையும் கழுவாமல் காயவிட்டான். இரண்டு நாள் ஒன்றுமில்லை. வலது கையில் உப்பு வெள்ளையாகப் பூத்தது, தட்டியதும் உதிர்ந்தது. குப்பம்மா காலையும் மாலையும் வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் காலை இடது கையில் தேய்த்த இடம் மட்டும் சிவந்திருந்தது.

"தூளுதான்ம்மே! ஆனா கிரீஸு எப்டிப் போவும்?"

"பலாப்பழம் அறுத்தா கைப்பிசினுக்கு இன்னா பண்றோம்? எண்ணெயத் தடவித் தொடை. அப்பால நல்ல தண்ணில ஒரு கழுவு."

பதினாலாம் தேதி பரசுராமன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல தண்ணீர் என்றதும் முகம் சுளித்தார்.

"குடிக்கிற தண்ணில ஒனக்கு மட்டும் குளியலா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜக்குதான். மாரியப்பனும் வரட்டும். எனக்குத் தடிச்சா அவன் ஓட்டட்டும்."

பரசுராமன் ஒத்துக்கொண்டார்.

15ஆம் தேதி படகு கிளம்பியது. தேங்காய் எண்ணெய் டப்பா எஞ்சின் அறையில் இருந்தது. 23ஆம் தேதி திரும்பியபோது பொன்னுரங்கத்தின் கைகளில் தடிப்பு இல்லை. மாரியப்பன் ஒரு நாளும் படகை ஓட்டவில்லை. பொன்னுரங்கத்தின் கழுத்தில், காலர் உரசும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. சட்டையை அவன் படகில் கடல் தண்ணீரில் அந்தத் தூளைப் போட்டுத்தான் துவைத்திருந்தான்.