மருமகளின் தொண்டைக்கு ஓர் ஊசி

மானிப்பாயில் பராசக்திக்கு இருந்த பெயர், மருமகளை அழவைக்கிற மாமி என்பது. அவள் கையை ஓங்கியதில்லை, கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது மருமகள் பாலேஸ்வரியின் பாழாய்ப்போன குரல். வாயைத் திறந்தால் சொல் தொண்டையில் நெரிபட்டு விம்மி விம்மி வரும். கடையில் நின்று அவள் சீனி கேட்டாலே பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கண் கலங்கும். பதினொரு வருஷமாக ஊர் மருமகளுக்கு இரங்கியது, மாமியைத் திட்டியது.

பிள்ளை என்று தான் கூப்பிடும் மருமகள் சிரமப்படக் கூடாதென்று, அவள் தொடங்கும் வசனத்தையெல்லாம் பராசக்தியே முடித்துவைப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பத்தொன்பதாம் வருஷம், லண்டனில் இருந்த பாலேஸ்வரியின் தமையன் கடிதம் எழுதினான். இது மனவருத்தம் இல்லை, குரல்நாணில் வரும் இழுப்பு. நஞ்சிலிருந்து எடுத்த மருந்தைத் துளியளவு தொண்டையில் ஏற்றினால் இழுப்புத் தளரும் என்றான். பராசக்தி மகனோடு மல்லுக்கட்டி மருமகளை விமானம் ஏற்றினாள். சந்தோஷத்தில் வாய் தவறி, பக்கத்துவீட்டுக் குணலட்சுமியிடம் நஞ்சு என்ற சொல்லையும் சொல்லித் தொலைத்தாள். மறுநாள் சந்தை முழுக்க, மாமி மருமகளுக்கு நஞ்சு ஏற்றுகிறாள் என்ற கதை. பாலேஸ்வரி திரும்பிவந்த முதல் கிழமை ஏழு நாளும், மருந்தின் வேகத்தில் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. கிழவி மருமகளின் அழுகிற குரலையும் பறித்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது.

பராசக்தி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். குரல் தெளிந்ததும் பிள்ளையாருக்குப் பொங்கி, அயலாரை எல்லாம் முற்றத்தில் கூட்டினாள். பிள்ளை தன் வாயால் ஒரு சொல் சொன்னால் போதும், பழி போய்விடும்.

குணலட்சுமிதான் கேட்டாள். "பிள்ளை, மாமி உம்மை எப்பிடி வைச்சிருக்கிறா?"

"அவள் என்ன சொல்லுறாளெண்டால்..." என்று பராசக்தி பழக்கதோஷத்தில் தொடங்கினாள்.

"மாமி, அவ என்னையெல்லே கேட்டவ." பாலேஸ்வரியின் குரல் கணீரென்றிருந்தது. "மாமி என்னைத் தன்ரை பிள்ளை மாதிரித்தான் பாத்தவ. ஆனால் கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து, நான் தொடங்கின ஒரு கதையையும் என்னை முடிக்க விட்டதில்லை."

அயலார் பொங்கலோடு அந்தக் கடைசி வசனத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் சொன்ன பொய்யெல்லாம் பராசக்தியை இவ்வளவு சுட்டதில்லை, இந்த உண்மைதான் சுட்டது. இதை ஏன் முந்தியே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். மறுமொழி தெரிந்திருந்ததால் மூடிக்கொண்டாள்.

ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம்தான், பிறகு குரல் பழையபடி நெரியும் என்று டாக்குத்தர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது பிள்ளை விம்மி விம்மிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தான் குறுக்கே பேசாமலிருக்கத் தன் தொண்டையில் யார் ஊசி போடுவார்கள் என்றுதான் பராசக்தி யோசித்துக்கொண்டிருந்தாள்.