பெயர் மறைத்த கேள்வி

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு வர்றே" என்று அம்மா மருமகளின் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மகள் சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டிருந்தாள். மடியில் வைத்திருந்த போனில் அப்போதுதான் அந்தக் கமெண்டைப் படித்திருந்தாள்.

'புருஷன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டு போனவளுக்கு, இப்போது இன்னொருத்தன் கேட்கிறதா?'

எழுதியவர் பெயர் 'நியாயம்'. முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ படம். சட்டென்று கமெண்டை மறைத்தாள்.

அவளுக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். தம்பி கேலியாக வைத்தது. கணவனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், பொழுது போகாமல் இணையத்தில் ஒரு குடும்ப ஆலோசனைக் குழுவில் சேர்ந்து, நாளடைவில் அதன் நிர்வாகியாகவே ஆகிவிட்டாள். யார் என்ன பதிவு போட்டாலும் அவள் ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே வரும். கமெண்டில் யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் மறைப்பாள். திரும்பவும் பேசினால் வெளியேற்றுவாள். சம்பளமில்லாத வேலைதான். ஆனாலும் அதை அவள் ஏனோதானோவென்று செய்ததில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாததை அங்கே பெயர் மறைத்துக் கேட்கலாம். கேட்டது யார் என்பது நிர்வாகிக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம் அப்படித்தான் ஒரு கேள்வி வந்தது. 'கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரு பெண் குழந்தை. கூட வேலை செய்பவர் திருமணம் செய்துகொள்ளலாமா என்கிறார். எனக்கும் பிடித்திருக்கிறது. இதில் தப்பு இருக்கிறதா?'

நிர்வாகிக்குத் தெரிந்த பெயர் அவளுடைய சொந்த அண்ணியின் பெயர். இறந்துபோன அண்ணனின் மனைவி. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்து, மகளையும் வளர்த்து, இந்த வீட்டையும் நடத்துகிறவள். நேரில் சொல்லக் கூச்சப்பட்டு இந்த வழியாகத் தன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள் என்று ஜட்ஜம்மாவுக்குப் புரிந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒப்புதல் கொடுத்ததே அவள் சொன்ன பதில்.

வாழ்த்துகள் வந்தன. குப்பையும் வந்தது. வந்த குப்பையையெல்லாம் சளைக்காமல் அள்ளிக் கொட்டினாள். ஆனால் இந்த 'நியாயம்' வேறு ஜாதி. கேள்வியில் ஆஸ்பத்திரியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அண்ணி அன்று தலைவாரிக்கொண்டு போனதும், அம்மா அதற்கு முணுமுணுத்ததும் இந்த நாலு சுவருக்குள் நடந்தவை.

மறுநாள் அண்ணி வேலைக்குக் கிளம்பிப் போனதும் தம்பியின் முன்னால் போய் நின்றாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெண்ணுரிமை பற்றி மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவன். நிரந்தர வேலைதான் இன்னும் அமையவில்லை.

"நியாயம்கிறது யாருடா?"

அவன் மழுப்பக்கூட இல்லை. "அம்மா சொன்னாங்க. நான் டைப் பண்ணேன்."

"கேட்டது அண்ணிதான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் போன் சார்ஜ்ல கிடந்துச்சு. பூட்டு நம்பர் எனக்குத் தெரியாதா?"

யாரிடமும் மூச்சுவிடாமல் காப்பாற்றிய பெயரை, கூடப் பிறந்தவன் அவள் போனிலிருந்தே எடுத்திருக்கிறான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவளை நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருக்கேனா? நேர்ல சொன்னா மாமியார் கொடுமைம்பாங்க. ஊர்ல நாலு பேர் காறித் துப்பினா அவளே அடங்கிடுவான்னு பார்த்தேன்."

"அண்ணி கல்யாணம் பண்ணிக்கிட்டா உனக்கென்னம்மா?"

"என்னவா? அவ போயிட்டா இங்க அடுப்பு எரியுமா? இவன் சம்பாதிச்சுக் கொட்டறானா? நீயும்தானே அவ சம்பளத்துல உட்கார்ந்து சாப்பிடறே."

மானம் என்று சொல்லவில்லை, மரியாதை என்று சொல்லவில்லை, செத்துப்போன மகனின் பெயரைக்கூட இழுக்கவில்லை. அம்மா கடைசியாகச் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்குப் பரிசோதனைக் கூட வாசலில் போய் நின்றாள். வெளியே வந்த அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ மறைக்கறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன். உனக்கு மட்டும்தான் தெரியும்னு நம்பி எழுதினேன். நீ சொல்லாம வேற யாரு சொல்லியிருப்பா?"

"நான் சொல்லலை அண்ணி. ஆனா என் போன்லேருந்துதான் போச்சு." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அண்ணி வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்துகூட எனக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாங்களே அத்தை" என்றாள். "அன்னிக்கு உங்கண்ணன்தான் போன்ல சொன்னார். அழுத மூஞ்சியோட வராதே, தலைவாரிக்கிட்டு வான்னு. அவர் கடைசியா என்கிட்ட கேட்டது அதுதான்."

நோயாளிகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

"என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டவர்கிட்ட வேண்டாம்னு காலையிலதான் சொன்னேன்" என்றாள் அண்ணி.

"திரும்பப் போய் வேணும்னு சொல்லுங்க."

"வீடு?"

"வீட்டை நான் பார்த்துக்கறேன்."

கையில் ஒரு வேலையும் இல்லாதவள் சொன்ன சொல் அது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எந்தக் கடையில் வேலை கேட்கலாம் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். 'நியாயத்தை' அன்றே குழுவிலிருந்து வெளியேற்றினாள். ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கினாள். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அண்ணியிடம் மட்டும் பழையபடி தேனாகப் பேசினாள். அண்ணியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சில மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் பார்க்க, அம்மா மருமகளைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "மகளாத்தான் அனுப்பி வைக்கறேன்" என்றாள். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. அண்ணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து ஜட்ஜம்மா போனைத் திறந்தபோது, ஒப்புதலுக்கு ஒரு பதிவு காத்திருந்தது. இந்தத் தடவை தம்பி சொந்தப் பெயரில் எழுதியிருந்தான். மணமக்களுக்கு நடுவே அம்மாவும் அவனும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். 'எங்கள் அண்ணிக்கு நாங்களே முன்னின்று மறுமணம் செய்து வைத்தோம். மாற்றம் நம் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.'

"சீக்கிரம் விடு ஜட்ஜம்மா. இந்த நேரத்துலதான் நிறைய பேர் பார்ப்பாங்க" என்றான் தம்பி.

அம்மா அத்தனை மாதத்துக்குப் பிறகு அவளிடம் வாய் திறந்தாள். "படத்துல நான் நல்லா விழுந்திருக்கேனாடி?"

"நல்லா விழுந்திருக்கேம்மா" என்றாள் மகள்.

நிராகரிப்பை அழுத்தினாள். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. வழக்கமாக அதைக் காலியாகத்தான் விடுவாள். இன்று நிதானமாக எழுதினாள்: 'இதில் சொல்லியிருப்பது நடக்கவில்லை.'

தம்பியின் போன் சிணுங்கியது. அவன் எடுத்துப் படித்தான். அம்மா அவன் முகத்தைப் பார்த்து, "என்னடா, வந்துடுச்சா?" என்றாள்.